ஒண்ணும் செய்யாதுங்க!

தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறவருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது சமையலும் இல்லை, சுத்தமும் இல்லை. "அது ஒண்ணும் செய்யாதுங்க" என்று முகம் மாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டில் நாய் வளர்த்துக்கொண்டு விருந்தாளியையும் கூப்பிட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் கஷ்டம் சட்டென்று புரியும். உங்களுக்காவது நாயைச் சங்கிலியில் கட்ட வழி இருக்கிறது. என் விருந்தாளிகள் பயப்படுகிற காட்டுமாட்டை நான் எதில் கட்டுவேன்?

கொடைக்கானலிலிருந்து கூக்கால் போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் வீடு. 'எங்கள்' என்பது வாய்ப்பழக்கம். வீடு முதலாளி பாயுடையது. டவுன் பஜாரில் சாக்லேட்டும் யூக்கலிப்டஸ் தைலமும் விற்கிற கடை அவருக்கு. எப்போதோ வாங்கிப் போட்ட பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து, மூன்று அறைகளில் கட்டில் போட்டு, இணையத்தில் படத்தோடு 'இயற்கையின் மடியில்' என்று ஒரு வரியும் எழுதிவிட்டு, பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். சமையலுக்குப் பாண்டியம்மா. விறகு வெட்டவும் வெந்நீர் போடவும் காவலுக்கும் முருகேசன்.

சிக்கல் என்னவென்றால், இயற்கையின் மடியில் படுக்க வருகிறவர்கள் சாயங்காலமே எழுந்து ஓடிவிடுகிறார்கள். மதியம் வந்து சாப்பிட்டு, போட்டோ எடுத்து, இருட்டுவதற்குள் எதையாவது பார்த்துப் பயந்து, டவுனுக்குப் போய் லாட்ஜில் ரூம் போட்டுவிடுவார்கள். பாயும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "ஏம்மா தேவி, இந்த சீசன் முடியறதுக்குள்ள வர்றவங்களைத் தங்க வைக்கிற வழியைப் பாரு. இல்லைன்னா வீட்டைப் பூண்டுக் குடோனாக்கிருவேன். பூண்டு எதைப் பாத்தும் பயப்படாது" என்று சொல்லிவிட்டார்.

அய்யம்பாளையத்தில் பிறந்து இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். வந்ததிலிருந்து பூண்டுக்காட்டில் குனிந்த முதுகு, இந்த வேலைக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்தது. வாரத்துக்கு வாரம் புது மனிதர்கள், புதுப் பேச்சு. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதைப் போயும் போயும் பூண்டுக்கே பறிகொடுப்பதா? ஆகவே, விருந்தாளியின் பயத்தைப் போக்குகிற சரியான வார்த்தையைத் தேட ஆரம்பித்தேன். பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சாது

முதலில் கைக்குக் கிடைத்த வார்த்தை 'சாது'. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஏதோ பெரிய பதவி. சாயங்காலம் முட்டைக்கோசுத் தோட்டத்து ஓரம் காட்டுமாடு ஒன்று வந்து நின்றது. கரிய உடம்பு, நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி முழங்கால் வரைக்கும் வெளுப்பு. தூரத்திலிருந்து பார்த்தாலே ஒரு ஜீப்பைப் போர்வை போட்டு மூடியது போல இருக்கும். "ஆபத்தா?" என்று கேட்டார். "ரொம்ப சாதுங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அது பாட்டுக்கு மேயும், அது பாட்டுக்குப் போகும்.

சாது என்று காதில் விழுந்ததும் அந்த மனிதர் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாண்டியம்மாவிடம் ஒரு கேரட் வாங்கினார். ஒரு கையில் கேரட், மறு கையில் செல்போன். "வா, வா" என்று பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டார். நாங்கள் கத்துவதற்குள் அது தலையைத் தூக்கிப் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான் செய்தது. கேரட் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், ஆள் முட்டைக்கோசுக்கு நடுவில். மாடு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இவரும் பெட்டியைக் கட்டிவிட்டார். காரில் ஏறும்போது சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "மேடம், இது சாதுன்னா, உங்க ஊர்ல கோவக்காரங்க யாருன்னும் ஒரு தடவை காட்டிடுங்க. நாங்க ஒதுங்கிப் போயிடறோம்."

கொஞ்சமாத்தான் குடிக்கும்

மழை பெய்த மறுநாள் சோலைக்குள் நடக்கப் போனால் அட்டை ஏறத்தான் செய்யும். எங்கள் ஊரில் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. காட்டு வேலை முடிந்து வந்து, காலில் தொங்குவதைப் பேசிக்கொண்டே உப்பைத் தொட்டு வைத்து உதிர்த்துவிட்டு, அப்படியே காப்பியும் குடிப்போம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி நடந்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த அம்மாவின் கணுக்காலில் நல்ல கொழுத்த அட்டை ஒன்று. அவர் போட்ட சத்தத்தில் முருகேசன் விறகுக் கட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

நான் உட்கார்ந்து உப்பை வைத்தபடி, 'சாது' ஏற்கெனவே கைவிட்டுவிட்டதால், விளக்கமாகவே சொன்னேன். "பயப்படாதீங்கம்மா. விஷம் கிடையாது, வலி கிடையாது. ஒண்ணும் செய்யாது. கொஞ்சமா ரத்தம் குடிக்கும், வயிறு நெறஞ்சதும் தானா விழுந்துரும்." அட்டை விழுந்தது. அந்த அம்மா தன் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க்கா, ரத்தங் குடிக்கறதையே ஒண்ணுஞ் செய்யாததுல சேத்திப்போட்டீங்க. அப்பறம் உங்கூர்ல எதைத்தானுங்க செய்யறதுன்னு சொல்லுவீங்க?"

வெறும் மேகம்

தூத்துக்குடி உப்பு வியாபாரி ஒருவர் தனியாக வந்தார். வாழ்நாள் முழுக்க வெயிலைப் பார்த்துச் சலித்துவிட்டதாம், குளிரை ஒரு கை பார்க்க வேண்டுமாம். மதியம் ஜன்னலை விரியத் திறந்துபோட்டுத் தூங்கியிருக்கிறார். எங்கள் பக்கம் மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கினால் ஜன்னல், கதவு என்று பார்க்காது, உள்ளே வந்துவிடும். எழுந்து பார்த்தவருக்கு எதிர்ச் சுவர் தெரியவில்லை. வீடு பற்றிக்கொண்டது என்று வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"ஒண்ணும் இல்லைங்க அண்ணாச்சி, வெறும் மேகந்தான்" என்றேன். இதைவிடச் சாதாரணமான வார்த்தை தமிழில் கிடையாது என்று எனக்கு நினைப்பு. அவருக்கு அதில்தான் திகில் கூடிற்று. புகையென்றால் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம், மேகத்தை என்ன செய்வது? கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "மேகம்னா மேலல்லா கெடக்கணும். நம்ம கட்டிலுக்கு அடியில அதுக்கு என்ன சோலி?"

ஸ்பெஷல்

ஒருவர் பின் ஒருவராக ஓடுவது தெரிந்ததும் பாய் போனில் வகுப்பே எடுத்தார். வியாபாரத்தில் ஊறியவர் இல்லையா? "பயப்படாதீங்கன்னு சொன்னாலே பயம் வந்துரும்மா. 'இல்லை'ங்கற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது. கடையில நான் சாக்லேட் உருகிப்போச்சுன்னா சொல்றேன்? இது ஸ்பெஷல்னு சொல்றேன். இனிமே எதைக் கேட்டாலும் ஸ்பெஷல்னு சொல்லு."

மறுநாளே சேலத்திலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தது. குளியலறையிலிருந்து பெண் அலறினாள். ஓடினேன். சுவரில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிலந்தி, காலை நன்றாகப் பரப்பிக்கொண்டு. எங்கள் வீடுகளில் அதை யாரும் அடிப்பதில்லை, கரப்பானைத் தின்னட்டும் என்று விட்டுவிடுவோம். பாயின் பாடம் நினைவுக்கு வந்தது. ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டு, "இது மலை ஸ்பெஷலுங்க" என்றேன். மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெண் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டாள்: "அப்போ இதையும் பில்லுல சேத்துருவீங்களா?"

பச்சப்புள்ள மாதிரி

பிராணிகளை விடுங்கள். எங்கள் முருகேசனே ஒரு பிரச்சினை. ஆறடி உயரம், காது வரைக்கும் மீசை, குரங்குக் குல்லா, தோளில் கறுப்புக் கம்பளி. ஆனால் அவரைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை இந்த மலையில் பார்க்க முடியாது. அதிலும் பெண்கள் என்றால் வாயே திறக்கமாட்டார். பெங்களூரில் வேலை பார்க்கிற மதுரைப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததுமே அவர்கள் முகம் மாறியதைக் கவனித்து, "நம்ம முருகேசண்ணன்தான். பச்சப்புள்ள மாதிரி" என்று சொல்லிவைத்தேன்.

விடிந்ததும் பச்சைப்பிள்ளை வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அறைக்குப் போயிருக்கிறது. விறகு வெட்டிக்கொண்டிருந்த அரிவாள் அப்படியே மறு கையில். கதவைத் தட்டிவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறார். அவர்கள் கதவைத் திறந்ததும் போட்ட கூச்சலில் இவர் வாளியைப் போட்டுவிட்டு, அவர்களைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்து பாண்டியம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பின்னாலேயே வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த சீசனில் சொன்னபடி முழுசாகத் தங்கிப் போனவர்கள் அவர்கள்தான். போகும்போது ஒருத்தி சொன்னாள்: "அக்கா, அவரு பயந்ததைப் பாத்தப்புறந்தான் எங்களுக்குப் பயம் போச்சு. நீங்க மொதல்லயே அவரைப் பயமுறுத்தி விட்டிருக்கலாம்."

யாரும் கேட்காத செடி

இதுதான் எனக்கு உறைத்தது. திருச்சியிலிருந்து ஒரு வாத்தியார். பறவை பார்க்கிற பழக்கம் உள்ளவர், கழுத்தில் பைனாகுலர் தொங்கும். காலையில் அவரைப் பாண்டியம்மாவும் நானும் ஒற்றையடிப் பாதையில் கூட்டிக்கொண்டு போனோம். பாதையில் கறுப்பாக ஒரு சின்னப் பாம்பு, பென்சில் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், மழைக்கு மண்ணிலிருந்து வெளியே வந்து கிடந்தது. அது மண்ணுக்குள்ளேயே இருந்து மண்புழுவைத் தின்று பிழைப்பது. அதற்குக் கடிக்கவே தெரியாது என்று நின்று நிதானமாக விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். "எதுக்கும் நாம சுத்திப் போயிடுவோமே" என்று சொல்லி, பாதையை விட்டு இறங்கி, பிடிமானத்துக்குப் பக்கத்தில் இருந்த செடியைக் கை நிறையப் பற்றினார்.

அது செந்தட்டி. தொட்டால் தோலில் தீ வைத்தது போல எரியும். மனிதர் துள்ளிய துள்ளலில் பைனாகுலர் அவர் முதுகுப் பக்கம் போய்விட்டது. வீட்டுக்குக் கூட்டி வந்து, கையைத் தண்ணீரில் வைத்து, தேங்காயெண்ணெய் தடவினோம். கை சிவந்து தடித்திருந்தது. "ஒண்ணும் செய்யாத பாம்பைப் பத்தி அவ்வளவு நேரம் பேசினீங்களே, இந்தச் செடியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார், அழாத குறையாக. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக்கூட அந்தச் செடி தெரியும். அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. பாண்டியம்மாவுக்கோ வெட்கமெல்லாம் கிடையாது. எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டாள்: "அதுல போயி யாராச்சும் கையை வைப்பாகளா?"

செய்யும்

சீசன் முடிந்தது. பாய் தன் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கினார். வந்தவர் சோபாவில்கூட உட்காரவில்லை. அறை அறையாகப் போய், "இதுல நூறு மூட்டை புடிக்கும், அதுல அம்பது" என்று கண்ணாலேயே அளந்தார். கட்டில்களை ஒட்டன்சத்திரத்தில் யாருக்கோ கொடுத்துவிடலாமாம். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். அந்தப் போர்வைகளை நானே தேர்ந்தெடுத்து வாங்கியிருந்தேன். பாண்டியம்மா சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து கிளம்பலாம் என்று வாசலுக்கு வந்தால், காருக்குப் பக்கத்தில் காட்டுமாடு. சாவகாசமாக நின்று, கார்க் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் சாவியோடு படியிலேயே நின்றுவிட்டார். இந்த வீட்டை வாங்கி இத்தனை வருஷமாகியும் ஒரு சாயங்காலம்கூட அவர் இங்கே இருந்தது கிடையாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெதுவாகத் திரும்பி, எல்லா விருந்தாளியும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். "ஏம்மா தேவி, இது ஒண்ணும் செய்யாதுல்ல?"

பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செய்யாது என்று சொன்னால் மனிதர் சாவியை ஆட்டிக்கொண்டு காருக்குப் போவார். ஆபத்து என்று சொன்னால் குடோன் இன்றைக்கே உறுதி. வேலை போகிறதுதான் போகிறது, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "செய்யும் பாய்" என்றேன். "கிட்டப் போனா செய்யும். நாம இங்கனயே உக்காந்து டீ குடிச்சா ஒண்ணும் செய்யாது. அது நிக்கிற வரைக்கும் நாம நிக்கணும். அது போனப்புறம் நாம போகணும்." எங்கள் ஊரில் எதிரே காட்டுமாட்டைக் கண்டால் யாரும் விரட்டமாட்டார்கள், ஓடவும் மாட்டார்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் தூரத்திலேயே ஒதுங்கி நின்று, 'சாமி, பாத்துப் போங்க' என்று சொல்லி வழி விட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். விருந்தாளிகள் சிரிப்பார்கள் என்று கூச்சப்பட்டு இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

பாயின் வீட்டம்மா சட்டென்று வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அப்போ டீயைக் கொண்டாம்மா" என்றார். பாயும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ குடித்து முடிந்தும் மாடு நகரவில்லை. பாண்டியம்மா பஜ்ஜி போட்டாள். மேகம் இறங்கித் தோட்டத்தை மூடியது. மாடு ஒரு வழியாகத் தலையை அசைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும் அந்த அம்மா எழுந்து நின்றார். மகனைப் பயணம் அனுப்புகிற குரலில், "ராசா, பாத்துப் போ" என்றார். பாய் சாவியை எடுத்தார். அந்த அம்மா மறுபடி உட்கார்ந்துகொண்டார். "ஏங்க, இவ்வளவு அழகான வீட்டை வெளியாளுக்கு விட்டுட்டு, என்னைய அந்தக் கடைக்குப் பின்னாடி தைல வாடையில குடிவச்சிருக்கீங்களே! நான் வரலை. இன்னிக்கு இங்கதான்."

தங்கினார்கள். கோழிக்குழம்பும் தோசையும் போட்டோம். காலையில் பாய் பல்லைத் துலக்கிக்கொண்டே வந்து, பூண்டுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. இப்போது வருகிறவர்களுக்கு முதல் டீயோடு செந்தட்டியைக் காட்டிவிடுகிறேன். காட்டுமாடு வந்தால் எங்கே உட்கார வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு மேல் தங்கிவிடுகிறார்கள். அன்று காரில் ஏறும்போது பாய் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒண்ணும் செய்யாது, ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லி ஊரையே ஓட விட்ட. செய்யும்னு ஒரு வார்த்தை சொன்ன, எங்களைக் குந்த வச்சுட்டியேம்மா!"

இப்போதெல்லாம் பாயின் வீட்டம்மா மாதம் தவறாமல் வந்து தங்கி, என் அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து மோந்து பார்த்துக் குறை சொல்கிறார். "அவ ஒண்ணும் செய்யமாட்டாம்மா" என்று பாய் போனில் என்னைத் தேற்றுகிறார். நானோ அந்த அம்மா கிளம்புகிற வரைக்கும் வழியை விட்டு ஒதுங்கியே நிற்கிறேன்.